யார் ஏற்றிய மூட்டை?

ஆண்டு மலருக்குப் படைப்புகள் தாருங்கள் என்று மன்றச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து சொல்லிவிட்டுப் போனார். நட்பைப் பற்றி மட்டும் இதுவரை பதினோரு கவிதைகள் வந்திருப்பதாகக் கேள்வி! எனக்குக் கவிதை வராது. ஆகவே எங்கள் புராஜெக்டில் மூன்று வாரம் தூக்கத்தைக் கெடுத்த ஒரு விஷயத்தையே எழுதிவிடுகிறேன். மெக்கானிக்கல், சிவில் பிரிவு நண்பர்கள் "இது கணிப்பொறிச் சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் வெங்காயம் வருகிறது, வாழைத்தார் வருகிறது, கூலித் தகராறும் வருகிறது.

விஷயத்தின் பெயர் கிளாஸ் லோடிங்.

இந்தப் பெயரை வீட்டில் முதன்முதலாகச் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "லோடரா? அதுக்கு எதுக்கும்மா பாலிடெக்னிக்? நான் இருபது வருசமா லோடர்தானே!" என்றார். அவர் கமிஷன் மண்டியில் சுமை தூக்குபவர். தலையில் சும்மாடு, கையில் கொக்கி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோ சேரும்போது விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்ததும் நான்தான். அதில் பெற்றோர் கல்வித் தகுதி என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சரி, அது வேறு கதை.

ஜாவா மொழி 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது என்பது முதல் நாள் வகுப்பிலேயே எழுதிப் போடுகிற வரி. அதில் எழுதும் புரோகிராம் பல கிளாஸ்களாகப் பிரிந்து கிடக்கும். எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒன்றாகக் கட்டி வைக்க மாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த கிளாஸ் தேவைப்படுகிறதோ அதை அப்போதுதான் டிஸ்க்கிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ தூக்கி வந்து ஜே.வி.எம். என்கிற மெய்நிகர் இயந்திரத்துக்குள் இறக்க வேண்டும். அந்தத் தூக்கிவரும் வேலைக்காரர்தான் கிளாஸ் லோடர். வந்த மூட்டை சரியான மூட்டைதானா என்ற சோதனையும் உண்டு. ஒவ்வொரு கிளாஸ் ஃபைலின் முதல் நான்கு பைட்டும் 'கேஃப் பேப்' என்று வாசிக்கும்படியான ஒரு ஹெக்ஸ் எண்ணாக இருக்கும். அது இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் மண்டியில் சாக்கின் மேல் போடுகிற மார்க்கா மாதிரி.

ஒரு லோடர் மட்டும் இருந்தால் நான் கட்டுரை எழுத வேண்டிய வேலையே இருக்காது. ஜே.வி.எம்.முக்குள் லோடர்கள் பலர். ஒருவருக்கு மேல் ஒருவர். உச்சியில் இருப்பவர் பூட்ஸ்ட்ராப் லோடர். 'ஸ்ட்ரிங்', 'ஆப்ஜெக்ட்' போன்ற அடிப்படைச் சரக்கெல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே எக்ஸ்டென்ஷன் லோடர் இருந்தார். 2017-ல் ஜாவா 9 வந்தபோது அவர் இடத்தில் பிளாட்ஃபார்ம் லோடர் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் கீழே நாம் எழுதிய கிளாஸ்களை ஏற்றும் அப்ளிகேஷன் லோடர். 1998-ல் வந்த ஜாவா 1.2-ல் இந்தத் தலைமுறை வரிசைக்கு ஒரு ஒழுங்கு வந்தது. ஒரு கிளாஸ் வேண்டுமென்றால் லோடர் தானாகப் போய் எடுக்கக் கூடாது. முதலில் தன் பெற்றோரைக் கேட்க வேண்டும். பெற்றோர் தன் பெற்றோரைக் கேட்பார். உச்சி வரை போய், அங்கே இருந்தால் அங்கிருந்தே வரும். "எங்ககிட்ட இல்லப்பா" என்று பதில் இறங்கி வந்தால்தான் பிள்ளை தன் மூட்டையை அவிழ்க்கலாம்.

ஏன் இந்த மரியாதை? பாதுகாப்புதான் முக்கியக் காரணம். வழியில் போகிற எவனோ 'ஸ்ட்ரிங்' என்ற பெயரில் ஒரு போலி கிளாஸை எழுதி உள்ளே தள்ளப் பார்த்தாலும், கேள்வி முதலில் மேலே போய் அசல் சரக்கு அங்கிருந்து வந்துவிடும். போலிக்கு வேலையில்லை.

இந்தப் பாடத்தை சார் நடத்தும்போது "பேரன்ட் டெலிகேஷன்" என்று போர்டில் எழுதி அம்புக்குறி போட்டார். மேலே கேட்டு "இல்லை" என்று திரும்பி வருகிற அந்த அம்புக்குறியைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. லாகரிதம் என்றால் என்ன, லேட்டரல் என்ட்ரி என்றால் என்ன, ஸ்காலர்ஷிப் எப்படி வாங்குவது, எல்லாக் கேள்வியும் எங்கள் வீட்டில் அப்படித்தான் ஏறி இறங்கும்.

நிற்க. வெப் அப்ளிகேஷனில் இந்த ஒழுங்கு கொஞ்சம் தலைகீழ். டாம்கேட் என்றொரு சர்வர் இருக்கிறது. சன் நிறுவனம் 1999-ல் அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்தது. இன்றும் உலகமெங்கும் ஓடுகிறது. எங்கள் லேப்பிலும் ஓடுகிறது. ஒரே டாம்கேட்டுக்குள், அதாவது ஒரே ஜே.வி.எம்.முக்குள், பல வெப் அப்ளிகேஷன்கள் குடியிருக்கும். ஒவ்வொன்றும் 'வார்' என்கிற ஒரு பொட்டலமாக வரும். அதற்குள் 'வெப்-இன்ஃப்' என்ற அறை, அறைக்குள் 'லிப்' என்ற அலமாரி, அலமாரியில் 'ஜார்' ஃபைல்கள். (ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வந்தால் தப்பில்லை.) டாம்கேட் ஒவ்வொரு வெப் அப்ளிகேஷனுக்கும் தனித்தனி லோடர் கொடுக்கிறது. அந்த லோடர் ஜாவாவின் அடிப்படைச் சரக்கு போன்ற சிலவற்றை மட்டும் மேலே கேட்கும். மற்றதையெல்லாம் முதலில் தன் வெப்-இன்ஃப் அறையில் தேடிவிட்டு, அங்கே இல்லையென்றால்தான் பொது அலமாரிக்குப் போகும். சர்வ்லெட் விதிமுறையே இப்படிச் செய்வதைத்தான் பரிந்துரை செய்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு லைப்ரரியின் பழைய பதிப்பை வைத்திருக்கலாம், நாம் புதிய பதிப்பை வைத்திருக்கலாம். ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான்.

பொது அலமாரி என்றேனே, அது டாம்கேட் டைரக்டரியிலேயே இருக்கும் இன்னொரு 'லிப்'. அங்கே போட்ட ஜாரை எல்லா அப்ளிகேஷனும் பார்க்கும். இந்தப் பொது அலமாரிதான் எங்கள் கதையின் வில்லன்.

எங்கள் புராஜெக்ட், சுமைக்கூலிக் கணக்கு. அப்பா வேலை செய்யும் மார்க்கெட்டில் இரண்டு கோஷ்டி. ஒன்று வெங்காய மண்டியில் மூட்டை இறக்கும். இன்னொன்று வாழைக்காய் மண்டியில் தார் இறக்கும். இரண்டுக்கும் தனித்தனி மேஸ்திரி. யார் எத்தனை இறக்கினார்கள் என்று மேஸ்திரி நோட்டில் கோடு போட்டு வைப்பார். சனிக்கிழமை கணக்கு முடித்துக் கூலி பிரிப்பார்கள். மூட்டைக்கு 9 ரூபாய், தாருக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் செய்வதையே செல்போனிலும் செய்யலாமே என்று நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். இரண்டு கோஷ்டிக்கும் ஒரே அப்ளிகேஷன்தான். 'வெங்காயம்' என்ற பெயரில் ஒரு வார், 'வாழை' என்ற பெயரில் ஒரு வார். இரண்டும் ஒரே டாம்கேட்டில். கூலியைப் பெருக்கிக் கூட்டும் வேலையை, முந்தைய ஆண்டு அக்கா ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு ஜார் செய்தது. நன்றாகவே எழுதியிருந்தார். அப்ளிகேஷன் எழும்போது கூலி விகிதத்தை செட்டிங்ஸ் ஃபைலிலிருந்து படித்து ஒரு ஸ்டாட்டிக் மாறியில் வைத்துக்கொள்ளும். அவர் காலத்தில் ஒரே ஒரு கோஷ்டிக்குத்தான் கணக்கு. ஒரு விகிதம், ஒரு மாறி, போதுமானதாக இருந்தது.

லேப் சர்வர் பழையது, மெமரி குறைவு. யாரோ ஒரு நல்ல மனசுக்காரர், ஒரே ஜாரை ஒவ்வொரு அப்ளிகேஷனிலும் எதற்கு வைக்க வேண்டும், மெமரி மிச்சமாகுமே என்று எங்களுக்கு முன்பே அதைப் பொது அலமாரிக்கு மாற்றியிருந்தார். நாங்கள் வார் கட்டும்போதும் அது அங்கேதான் இருந்தது, வேலையும் செய்தது.

ஒரு சனிக்கிழமை வெள்ளோட்டம். நோட்டும் இருக்கட்டும், போனும் இருக்கட்டும், இரண்டையும் ஒப்பிடுவோம் என்று ஏற்பாடு. அப்பா அந்த வாரம் இறக்கியது 63 மூட்டை. நான் போனைப் பார்த்து, "378 ரூபாய்பா" என்றேன்.

அப்பா சும்மாட்டை உதறிக்கொண்டே, "ஐநூத்து அறுபத்தேழு வரணுமேம்மா" என்றார்.

நோட்டைப் பார்க்கவில்லை. விரல் விடவில்லை. பேப்பர், பேனா எதுவுமில்லை. 63-ஐ ஒன்பதால் பெருக்கினால் 567. நான் போனிலேயே கால்குலேட்டரைத் திறந்து சரிபார்த்தேன். வெங்காயக் கோஷ்டி முழுவதுக்கும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வாழைக் கோஷ்டிக்கு மட்டும் பைசா பிசகாமல் சரியாக இருந்தது.

கூலி என்னவோ நோட்டுப்படிதான் பிரிந்தது. யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. ஆனால் மார்க்கெட்டில் பேச்சுக்கா பஞ்சம்? "லோடுமேன் பொண்ணே லோடுமேன் கூலியைக் குறைக்க மெஷின் செஞ்சுட்டு வந்திருக்கு" என்று திங்கட்கிழமை டீக்கடையில் பேசினார்களாம். "வாழைக்காரங்களுக்கு மட்டும் சரியா வருது பாரு" என்று இன்னொரு குரல். இரண்டு கோஷ்டிக்கும் ஏற்கெனவே லாரி நிறுத்தும் இடத்துக்காகப் பழைய பகை உண்டு. அப்பா வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னாள். அப்பா இரண்டு நாளாக டீக்கடைக்குப் போகாமல் குடோன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாராம். இந்த புராஜெக்டுக்கு எத்தனை மார்க் வருமென்ற கவலை எனக்கு அன்றோடு போய்விட்டது.

கோடை வரிவரியாகப் படித்தோம். தப்பே இல்லை. வெங்காயத்தின் செட்டிங்ஸ் ஃபைலில் 9 என்றுதான் இருக்கிறது. வெங்காயத்தை மட்டும் தனியாக ஓட்டினால் 567 வருகிறது. வெள்ளோட்டத்துக்கு முன் நாங்கள் சோதித்ததெல்லாம் அப்படித் தனித்தனியாகத்தான்! பின்பு ஒருநாள் டாம்கேட்டை நிறுத்தாமல் வெங்காய வாரை மட்டும் மறுபடி ஏற்றினோம். வெங்காயம் சரியாகிவிட்டது. உடனே வாழையைத் திறந்து பார்த்தால், அங்கே தாருக்கு 9 ரூபாய் போட்டு அள்ளிக்கொடுத்துக் கொண்டிருக்கிறது! கடைசியாக எழுந்தவன் எவனோ அவன் விகிதம்தான் இருவருக்கும்.

கைடு சாரிடம் போய்ச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "அந்த ஜார் எங்க இருக்கு?"

பொது அலமாரியில் இருந்த ஜாரை ஏற்றியது டாம்கேட்டின் பொது லோடர். அவர் ஒரு தடவைதான் ஏற்றுவார். ஆகவே கணக்கு கிளாஸ் ஒன்றே ஒன்று, அதன் ஸ்டாட்டிக் மாறியும் ஒன்றே ஒன்று. வெங்காயம் வந்து 9 என்று எழுதியது, வாழை வந்து அதை அழித்து 6 என்று எழுதியது. மண்டியில் இரண்டு மேஸ்திரிக்கும் சேர்த்து ஒரே ஒரு சிலேட்டைக் கொடுத்த மாதிரி. அதே ஜாரை இரண்டு வாருக்குள்ளும் தனித்தனியாக வைத்தால் இரண்டு லோடர்கள் இரண்டு தடவை ஏற்றுவார்கள்; கிளாஸும் இரண்டு, சிலேட்டும் இரண்டு.

"ஒரே ஃபைல், ஒரே பெயர், ஒரே பைட்டுகள். அது எப்படி சார் ரெண்டு கிளாஸ் ஆகும்?" என்று கேட்டேன். சார் வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். எங்கள் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருவருக்கு இனிஷியல் கே, மற்றவருக்கு எம். "பெயரை மட்டும் கூப்பிட்டா யார் எழுந்திருப்பாங்க?" என்றார். ஜே.வி.எம்.மும் அப்படித்தான். அதன் கண்ணில் ஒரு கிளாஸின் அடையாளம் பெயரும், அதை ஏற்றிய லோடரும் சேர்ந்தது. நம் ஊரில் அப்பா பெயர் இனிஷியல் ஆகிறது; அங்கே லோடர் இனிஷியல் ஆகிறார்.

சார் அத்தோடு விடவில்லை. "வாருக்குள்ளயும் வை, பொதுலயும் இருக்கட்டும். என்ன ஆகுதுன்னு பார்த்துட்டு வா" என்றார். பொது அலமாரியில் ரிப்போர்ட் அச்சடிக்கும் இன்னொரு ஜாரும் இருந்தது. அது 'கூலிச்சீட்டு' என்ற கிளாஸில் ஒரு பொருளைச் செய்து, வெறும் 'ஆப்ஜெக்ட்' என்று சொல்லித் திருப்பித் தரும். எங்கள் அப்ளிகேஷன் அதை வாங்கிக் கூலிச்சீட்டாக மாற்றிக்கொள்ளும். ஓட்டிப் பார்த்தோம். திரையில் வந்த பிழைச் செய்தியின் சாரம் இதுதான்: கூலிச்சீட்டைக் கூலிச்சீட்டாக மாற்ற முடியாது!

என் டீம் தோழி மானிட்டரைத் தட்டிப் பார்த்தாள். ஆனால் செய்தி நியாயமானதுதான். ரிப்போர்ட் ஜார் பொது லோடரின் பிள்ளை. அதற்குத் தெரிந்த சீட்டு பொது லோடர் ஏற்றிய சீட்டு. எங்கள் அப்ளிகேஷனுக்குத் தெரிந்த சீட்டு தன் சொந்த லோடர் ஏற்றியது. பெயர் ஒன்று, இனிஷியல் வேறு. நல்லவேளையாக ஜாவா 11 முதல் இந்தச் செய்தியிலேயே எந்த கிளாஸ் எந்த லோடரின் எந்த மாட்யூலில் இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு முன்பு இந்த வேலையைச் செய்தவர்கள் எப்படித்தான் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

இனி மாட்யூல் விஷயத்துக்கு வருகிறேன். இது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. கணக்கு ஜாரை அவரவர் வாருக்குள் வைத்ததும் பிரச்சினை நின்றுவிட்டது. ஆனால் கூலிச் சட்டதிட்டம் ஏதாவது மாறினால் ஒவ்வொரு வாரையும் பிரித்துப் புதிய ஜாரை வைத்துக் கட்ட வேண்டும். பொதுவில் வைத்தால் கலக்கிறது, தனியில் வைத்தால் பல இடத்தில் மாற்ற வேண்டியிருக்கிறது. நடுவில் வழியே கிடையாதா?

இருக்கிறது. ஓ.எஸ்.ஜி.ஐ. என்று பெயர். 1999-ல் தொடங்கிய அமைப்பு. வீட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கருவிகளுக்காக யோசித்தது, பிறகு பெரிய இடத்துக்கும் போனது. நாம் லேப்பில் திறக்கிற எக்லிப்ஸ், 2004-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இதில் ஒவ்வொரு பண்டிலுக்கும், அதாவது ஒவ்வொரு மாட்யூலுக்கும், ஒரு லோடர். தாத்தா, அப்பா, பிள்ளை என்கிற ஏணி கிடையாது. ஒவ்வொரு பண்டிலும் தன் வாசலில் ஒரு பலகை மாட்ட வேண்டும். 'எக்ஸ்போர்ட்-பேக்கேஜ்' என்ற வரியில் நான் வெளியே கொடுப்பது இது, 'இம்போர்ட்-பேக்கேஜ்' என்ற வரியில் எனக்கு வெளியிலிருந்து வேண்டியது இது, இந்தப் பதிப்பு முதல் இந்தப் பதிப்பு வரை. பலகையில் எழுதாத எதையும் பக்கத்துக் கடைக்காரர் தொட முடியாது. ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் ஒரே நேரத்தில் ஓடலாம். வேண்டியவர் வேண்டியதோடு இணைந்துகொள்வார். சர்வரை நிறுத்தாமலே ஒரு பண்டிலை மாற்றலாம்.

எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. காரணம் சொல்கிறேன். டாம்கேட்டின் பொது அலமாரியில் யாரிடம் எது இருக்கிறது என்பதைத் தெரிந்தவர் சொன்னால்தான் உண்டு. பலகை போட்டால், புதிதாக வருகிறவரும் வாசித்துப் புரிந்துகொள்ளலாம். கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்குப் பலகைதானே துணை!

வெப் அப்ளிகேஷன்களையும் இப்படி ஓட்டுவதற்கு 2010-ல் ஓ.எஸ்.ஜி.ஐ.யே ஒரு விதிமுறை வெளியிட்டது. நம் வாரையே எடுத்து, அதன் மேனிஃபெஸ்ட் ஃபைலில் சில வரிகளைச் சேர்த்தால் அது வெப் பண்டில் ஆகிவிடும். ஆனால் நடைமுறையில் முள் நிறைய. டாம்கேட் தானாகவே வெப்-இன்ஃப் அறைக்குள் போய்த் தேடும். பண்டில் லோடருக்கு அந்த வழக்கம் கிடையாது. உள்ளே இருக்கும் கிளாஸ் டைரக்டரி, ஒவ்வொரு ஜார், எல்லாவற்றையும் 'பண்டில்-கிளாஸ்பாத்' வரியில் எழுத வேண்டும். இன்னொரு முள் இதைவிடக் கூர்மையானது. சில லைப்ரரிகள் கிளாஸின் பெயரைக் கோடில் எழுதாமல் ஒரு எக்ஸ்.எம்.எல். ஃபைலில் வெறும் எழுத்தாக எழுதி, ஓடும்போது தேடிக் கொண்டுவரும். இம்போர்ட் பலகையைத் தயாரித்துத் தரும் கருவிக்கு அந்த எழுத்து தெரிவதில்லை. ஆகவே பலகையில் அது விடுபட்டுப் போகும். ஓட்டினால் கிளாஸ் கிடைக்கவில்லை என்று வந்து நிற்கும்.

மூன்றாவது முள் திரெட்டின் சட்டைப்பை. ஏணி முறையில் பிள்ளை மேலே பார்க்கலாம், பெற்றோரால் கீழே பார்க்க முடியாது. ஆனால் மேலே இருக்கும் லைப்ரரிக்குச் சில சமயம் கீழே உள்ள நம் கிளாஸ் வேண்டியிருக்கும். அதற்காக ஜாவா 1.2-லேயே ஒரு குறுக்குவழி செய்தார்கள். வேலை செய்யும் ஒவ்வொரு திரெட்டின் பையிலும் "இவர் இன்ன லோடரின் ஆள்" என்று ஒரு சீட்டு. டாம்கேட் ஒவ்வொரு வேண்டுகோள் வரும்போதும் அந்தந்த வெப் அப்ளிகேஷனின் லோடரைச் சீட்டில் எழுதி அனுப்பும். ஓ.எஸ்.ஜி.ஐ.யில் ஒரே வேண்டுகோள் நாலு பண்டில்களின் வழியாகப் போய் வரும். சீட்டில் யார் பெயரை எழுதுவது? சீட்டை நம்பியே எழுதப்பட்ட பழைய லைப்ரரிகள் இங்கே வந்து திருவிழாவில் தொலைந்த குழந்தை மாதிரி முழிக்கும்.

ஜாவா 9-ல் மொழிக்குள்ளேயே மாட்யூல் வந்துவிட்டதே, அது போதாதா என்று கேட்பீர்கள். நானும் அதை நம்பித்தான் முதலில் ஓடினேன். அதிலும் பலகை உண்டு. 'மாட்யூல்-இன்ஃபோ' என்ற ஃபைலில் 'எக்ஸ்போர்ட்ஸ்', 'ரிக்வயர்ஸ்' என்று எழுதலாம். ஆனால் சாதாரணமாக ஓட்டும்போது நம் மாட்யூல்களையெல்லாம் ஒரே அப்ளிகேஷன் லோடர்தான் ஏற்றுகிறார். தடுப்புச் சுவர் உண்டு, தனித்தனி லோடர் கிடையாது. ஒரே மாட்யூலின் இரண்டு பதிப்புகளை வைக்க வேண்டுமென்றால் 'மாட்யூல் லேயர்' என்று தனியாகக் கட்ட வேண்டும். டாம்கேட்டில் நம் வாருக்குள் இருக்கும் ஜார்களோ, மாட்யூல்-இன்ஃபோ இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வெப் லோடரின் பெயரில்லா மாட்யூல் என்ற ஒரே கூடையில்தான் விழும். ஜாவாவின் சொந்த வீட்டைப் பிரித்து ஒழுங்கு செய்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் கூலித் தகராறுக்கு இதில் தீர்வு இல்லை.

லீவு நாட்களில் ஒரு பழைய கணிப்பொறியில் அப்பாச்சி ஃபெலிக்ஸ் என்ற ஓ.எஸ்.ஜி.ஐ. சர்வரைப் போட்டு, கணக்கு ஒரு பண்டில், வெங்காயம் ஒன்று, வாழை ஒன்று என்று பிரித்தோம். கணக்கு பண்டில் தன் பேக்கேஜை எக்ஸ்போர்ட் செய்ய, மற்ற இரண்டும் இம்போர்ட் செய்ய வேண்டும். ஓட்டுவதற்கு முன் சார் ஒரு கேள்வி போட்டார். "ரெண்டு பேரும் ஒரே பண்டில்லருந்து வாங்கினா, கிளாஸ் எத்தனை?"

ஒன்று! கணக்கு பண்டிலின் லோடர் ஏற்றியது ஒன்றே ஒன்று. இம்போர்ட் செய்கிறவர்கள் இருவரும் பார்ப்பது அந்த ஒன்றைத்தான். அப்படியானால் ஸ்டாட்டிக் மாறியும் ஒன்று. கலப்பு மறுபடியும் வந்துவிடும், இந்த முறை பலகையெல்லாம் மாட்டிக்கொண்டு அழகாக வரும்.

அதனால் ஸ்டாட்டிக்கையே எடுத்துவிட்டோம். கூலி விகிதத்தைக் கணக்கு கிளாஸ் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. வெங்காயம் தன் 9-ஐக் கையில் கொண்டுவந்து கொடுத்துக் கணக்குக் கேட்கும், வாழை தன் 6-ஐக் கொண்டுவரும். மொத்தமாக முப்பது வரிகூட மாறவில்லை. அதற்குப் பிறகு ஜார் பொதுவில் இருந்தாலும், வாருக்குள் இருந்தாலும், பண்டிலாக இருந்தாலும் 567 என்றால் 567. லோடர்கள் தனித்தனியாக இருப்பது ஒரு காவல்தான். அந்தக் காவலை நம்பி உள்ளே கோளாறை வைத்திருக்கலாமா என்றால், கூடாது என்றுதான் எனக்குப் படுகிறது. இதில் என் தோழிக்கு இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஜார் வாருக்குள் இருந்திருந்தால் ஸ்டாட்டிக்கால் ஒரு கெடுதலும் வந்திருக்காது என்பாள். அதுவும் உண்மைதான்.

மார்க்கெட்டுக்கு அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமை போனோம். முதல் வாரம் வெங்காய மேஸ்திரி மாமா போனை வாங்கவே இல்லை, நோட்டைத்தான் நீட்டினார். நான் ஒவ்வொரு பெயராகப் படிக்க, அப்பா நின்றபடியே வாயால் பெருக்கிச் சொல்ல, மாமா நோட்டில் டிக் அடித்தார். இருபத்திரண்டு பேர். ஒரு இடத்தில்கூட அப்பாவும் போனும் வேறுபடவில்லை. ஒரு இடத்தில் மட்டும் நோட்டு வேறுபட்டது. கோடு ஒன்று குறைந்திருந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திருத்திக்கொண்டார். மூன்றாவது வாரம் வாழைக் கோஷ்டிக்காரர்கள் தாங்களாகவே வந்து, "எங்களுக்கும் படிச்சுச் சொல்லும்மா" என்றார்கள். நோட்டும் போனும் இப்போதைக்கு இரண்டுமே ஓடுகின்றன.

அடுத்த ஆண்டு அந்த சர்வரை எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்குச் சில தகவல்கள். டாம்கேட்டின் பொது லிப் அலமாரியிலிருந்து கணக்கு ஜாரையும் ரிப்போர்ட் ஜாரையும் எடுத்துவிட்டோம். இரண்டும் இப்போது அந்தந்த வாரின் வெப்-இன்ஃப் லிப்பில் இருக்கின்றன. வெப் அப்ளிகேஷனைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் மெமரி நிரம்புகிறதென்றால், பழைய லோடரை யாரோ விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் திரெட்டையும், பதிவை நீக்காத டேட்டாபேஸ் டிரைவரையும் முதலில் பாருங்கள். சர்வரில் இருப்பது டாம்கேட் 9. அதை 10-க்கு மாற்ற நினைத்தால், 2020-ல் வந்த ஜகார்த்தா இ.இ. 9-லிருந்து 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கும் சர்வ்லெட் பெயர்களெல்லாம் 'ஜகார்த்தா' என்று மாறிவிட்டன. எங்கள் வார் அப்படியே ஓடாது. டாம்கேட் 10-ல் 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' என்ற பெயரில் ஒரு டைரக்டரி வைத்து அதில் பழைய வாரைப் போட்டால் அதுவே மாற்றிக்கொள்ளும். ஃபெலிக்ஸ் போட்ட கணிப்பொறி ஜன்னலோரம் மூன்றாவது மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு பண்டிலின் மேனிஃபெஸ்டையும் அச்சடித்து அதன் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

- மூன்றாம் ஆண்டு மாணவி, கணிப்பொறிப் பொறியியல் பிரிவு